தூரம் அறிந்து நோக்குதல்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் கமராவைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு இது எதற்கு?" என்று முகஞ் சுழிப்பார் சிலர் இருக்கவே செய்வர். நிகண்டும் நன்னூலும் கற்றவன் ஏட்டோடு அமைய வேண்டும், எந்திரம் பிறர் துறை என்பது அவர்தம் கருத்து. மட்டக்களப்பு நாட்டிலே இக்கருத்துச் செல்லாது. காரைதீவிற் பிறந்து மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரான விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்ற பட்டதாரியும் ஆவர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிட்டன்றோ அவர் யாழ் நூலை ஆக்கினார்! 1947இல் அந்நூல் வெளிவந்தது. அவர் வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஒரு கண்ணாடித் துண்டையும் இரண்டு துவாரங்களையும் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

பேச எடுத்துக்கொண்ட பொருள் இது. கைத்தொலைபேசியிலேயே தெளிவான படங்கள் எடுக்கக்கூடிய இக்காலத்தில், ஒளிப்படக் கலையில் ஊறிய சிலர், பல பதிற்றாண்டுகளுக்கு முன்னர் அமைந்த ஒருவகைக் கமராவைத் தேடிப் பிடித்து, அதனைக் கையிலெடுக்கும்போதெல்லாம் பெருமகிழ்ச்சி கொள்கின்றனர். அக்கமரா தானாகக் குவியப்படுத்தாது. சேய்மையில் உள்ளதை அண்மையிற் கொணர்ந்து காட்டாது. கைக்கெட்டும் தூரத்திலுள்ள பூவையும் புழுவையும் எடுக்க உதவாது. அவ்வகையிற் பேர்பெற்ற ஒன்றைப் புதிதாக வாங்குவதாயின், நம் ஆசிரியர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம் முழுவதும் கொடுத்தாலும் போதாது. இத்தனை குறைகளையுடைய ஒன்றிலே அவர்கள் காணும் இன்பந்தான் யாது?

பழமைப் பித்து என்று சொல்லி இவ்வினாவை முடித்துவிடுவோர் பலர். யான் அதற்கு உடன்படேன். "எதிரில் நிற்பவருக்கும் உனக்கும் இடையே எத்தனை அடி?" என்று அக்கமரா தன்னைக் கையாள்பவனை ஒவ்வொரு முறையும் கேட்கின்றது. அவ்வினாவுக்கு விடை சொல்வதிலேதான் அவ்வின்பம் பிறக்கின்றது என்பது என் துணிபு.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். ரேஞ்ச்பைண்டர் என்று கடைக்காரரும் படக்காரரும் வழங்குவர். தமிழிலே வீச்சுமானி என்று சொல்லலாம். வீச்சுவலை எறியும் களப்புக்கரையில் வாழும் எமக்கு வீச்சு என்ற சொல் இனியதே. ஆயினும் அச்சொல்லிற் பீரங்கியின் வாடை வீசுகின்றது. அது காரணமின்றி வந்த வாடை அன்று. தூரமளக்கும் இக்கருவி முதலிற் பேர்பெற்றது படப்பிடிப்பிலன்று, போரிலேயே. பார், ஸ்ட்ரவுட் என்னும் பேராசிரியர் இருவர் 1890களிலே பிரித்தானியக் கடற்படைக்குத் தூரமளக்கும் கருவிகளைச் செய்து கொடுத்தனர். எதிரியின் கப்பல் எத்தனை கசத் தொலைவில் நிற்கின்றது என்று அறிந்தாலன்றிப் பீரங்கியின் வாயை எவ்வளவு உயர்த்துவது என்று அறிய இயலாது. அந்தக் கணக்குக்காகவே அக்கருவி வேண்டப்பட்டது.

வாகரைப் பகுதியில் வாழ்பவனுக்கு இச்செய்தி ஏட்டுச் செய்தியாக மாத்திரம் இராது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையிலே தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கோ ஓரிடத்தில் ஒருவன் தூரத்தைக் கணக்கிட்டிருந்தான். அவன் கணக்கிட்ட தூரத்தின் மறுமுனையில் முகங்கள் இருந்தன. அவை அவனுக்குத் தெரியா. ஆதலின் வீச்சுமானி என்னும் சொல்லை விடுத்துத் தூரமானிக் கமரா என்றே இக்கட்டுரையில் வழங்குகின்றேன். மாணவர்கள் இதனினும் நல்ல சொல் காண்பாராயின் மகிழ்வேன்.

இனி, அது தொழிற்படும் முறை. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின் மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம்பெயர்ந்தது போலத் தோன்றும். விஞ்ஞான ஆசிரியர்கள் இதனை இடமாறு தோற்றம் என்பர். விரல் அண்மையிலிருந்தால் இடமாற்றம் மிகும், தூரத்திலிருந்தாற் குறையும். ஆகவே இடமாற்றத்தை அளந்தால் தூரத்தை அறியலாம். நம் கடற்றொழிலாளர் இதனைப் பாடசாலையிற் படிக்காமலே அறிவர். கரையில் நிற்கும் ஒரு பனையையும் அதற்கு அப்பாலுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துக்கொண்டு, வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டு அடையாளங்களை நேர்படுத்தி, வலை விடும் இடத்தை அவர்கள் மறுபடி கண்டுபிடிப்பர். பனை கோபுரத்தை விட்டு விலகினால் தோணி விலகிற்று என்பது பொருள்.

தூரமானிக் கமராவின் முகப்பிலே இரண்டு சாளரங்கள் உண்டு. அவற்றினிடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றர். நம் இரு கண்களின் இடைவெளியை ஒத்தது. ஒரு சாளரத்தின் வழியே காட்சி நேராக வரும். மற்றதன் வழியே வரும் காட்சி, உள்ளே அமைந்த ஆடியிலோ அரியத்திலோ திரும்பி, முதற் காட்சியின் நடுவே ஒரு சிறு கட்டத்தில் மங்கலாகப் படியும். எதிரில் நிற்பவரின் மூக்கு அக்கட்டத்துக்குள் இரண்டாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று நாடி நகரும். இரண்டும் ஒன்றாகும் கணத்திலே வில்லை அத்தூரத்துக்குச் சரியாக அமைந்துவிட்டது என்று கொள்ளலாம். விரல்நுனியில் இது நிகழ்வதை ஒருமுறை உணர்ந்தவர் அதனை மறத்தல் அரிது. இரண்டாய் நின்றது ஒன்றாய்ப் பொருந்தும் அச்சிறு நிறைவு, சீர் பிரிந்து கிடந்த ஒரு செய்யுளைத் தளை தட்டாமற் சேர்த்துப் படித்த மாணவனின் நிறைவோடு ஒக்கும்.

இவ்வமைப்பைக் கமராவோடு இணைத்துப் பெயர் பெற்றது ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலிருந்த லைற்ஸ் நிறுவனம். அங்கே தொழில் புரிந்த ஒஸ்கார் பார்னாக் என்பவர் ஈளை நோயாளி. கண்ணாடித் தகடுகளும் முக்காலியுமாக அக்காலப் பெருங்கமராவைச் சுமந்து மலையேற அவரால் இயலவில்லை. சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு பெட்டியொன்றை 1914 அளவில் அவர் ஆக்கினார். முதல் உலகப் போர் முடிந்து, 1925இல் லைக்கா என்னும் பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. 1932இல் வந்த இரண்டாம் வகையிலே தூரமானி வில்லையோடு இணைக்கப்பட்டது. ஸைஸ் இக்கோன் நிறுவனத்தின் கொன்ராக்ஸ் கமராவும் அதே ஆண்டில் வந்தது. ஒருவருடைய மூச்சுத்திணறலிலிருந்து ஒரு கலையின் போக்கே மாறியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆசிரியர்களுக்கு இவ்விடத்தில் ஒரு கிளைச்செய்தி. கல்வியாளர் மக்கரெங்கோ, கார்க்கிவ் நகரத்தில் ஆதரவற்ற சிறுவருக்கென அமைந்த ஒரு தொழிற் கூட்டுறவகத்தை நடத்தினார். படிப்போடு கைத்தொழிலும் அங்கே பயிற்றப்பட்டது. தெருவில் அலைந்த அப்பிள்ளைகளே லைக்காவை முன்மாதிரியாகக் கொண்ட ஃபெட் என்னும் கமராவை 1934 தொடக்கம் தொகையாகச் செய்து வெளியிட்டனர். ஒரு மயிரிழை பிசகினாலும் பயன்படாத கருவி அது. நம் பாடசாலைகளிலே தொழிற்கல்வி என்றவுடன் பாய் முடைதலும் பொம்மை செய்தலுமே நினைவுக்கு வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கம் உண்டாகின்றது. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

தூரமளப்பது மாத்திரமே இக்கமராவின் சிறப்பாயின், 1959இல் நிக்கோன் எஃப் போன்ற ஆடிக் கமராக்கள் வந்தபின் அது முற்றாக மறைந்திருக்கும். பெரும்பாலும் மறைந்தும் போயிற்று. ஆடிக் கமராவிலே வில்லையின் வழியே வரும் ஒளி ஓர் ஆடியிற்பட்டுக் கண்ணுக்கு வருகின்றது. எடுக்கப்போகும் படத்தையே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். எத்தனை நீண்ட வில்லையையும் பூட்டலாம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலர் அதன்பாற் சென்றது இயல்பே. ஆனால் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும்ப வேண்டும். அது எழும்பும் கணத்தில் சாளரம் இருண்டுவிடும். எனவே படத்திற் பதியும் கணம் எதுவோ, அந்த ஒரு கணத்தை மாத்திரம் படமெடுப்பவன் காண்பதில்லை! தூரமானிக் கமராவில் இருட்டு இல்லை. கண் காண்பது வேறு வழி, படச்சுருள் காண்பது வேறு வழி. சிரிப்பு மலர்ந்ததா, இமை மூடியதா என்பதைப் படமெடுப்பவன் அக்கணத்திலேயே அறிவான். ஆடி மோதும் ஓசையும் இல்லை. துணித்திரை நகரும் மெல்லொலி மாத்திரமே.

இந்த இரு வழி அமைப்பினால் வரும் கேடும் ஒன்று உண்டு, அதனையும் சொல்லிவிடவேண்டும். வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்திற் காட்சி அழகாகவே தெரியும். கல்யாண வீட்டிலே தாலி கட்டும் நேரத்தில் மூடியோடு படமெடுத்த படக்காரர் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி யான் முதன்மையாகக் கருதுவது வருகின்றது. 1954இல் வெளிவந்த லைக்கா எம் 3 என்னும் கமராவின் சாளரத்திலே காட்சி ஏறக்குறைய இயற்கையளவிலேயே தெரியும். மற்றக் கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். அக்காட்சியினுள்ளே ஒளிக்கோடுகளால் ஆகிய ஒரு சட்டம் மிதக்கும். சட்டத்துக்கு உட்பட்டது படமாகும். சட்டத்துக்கு வெளியே உள்ளதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தெருவின் ஓரத்திலிருந்து சைக்கிளில் வருபவனை அவன் சட்டத்துக்குள் நுழையுமுன்னரே பார்க்கலாம். படத்தில் வராமல் ஒதுங்கி நிற்கும் கிழவியையும் பார்க்கலாம். எதை எடுத்தோம் என்பதோடு எதை விட்டோம் என்பதையும் அறிந்தே அவன் பொத்தானை அழுத்துகின்றான்.

தமிழ் படித்தவருக்கு இது புதுமையன்று. செய்யுளுக்குரிய உறுப்புகளைத் தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்துநான்காக எண்ணினார். அவற்றுள் நோக்கு என்பது ஒன்று. எச்சம் என்பது மற்றொன்று. கேட்டவர் மீட்டும் மீட்டும் நோக்கும்படி செய்யுள் அமைந்திருப்பது நோக்கு. சொல்லாது விடப்பட்டு, சொல்லாலேனும் குறிப்பாலேனும் கேட்போரால் நிரப்பப்படுவது எச்சம். விடப்பட்டதனையும் செய்யுளின் உறுப்பாகவே எண்ணிய இலக்கணம் நம்முடையது. புலவன் ஒன்றை அறியாமல் விடுவது எச்சமாகாது, அது வழு. அறிந்து விடுவதே எச்சம். ஆடிக் கமராவிலும், கைத்தொலைபேசியின் திரையிலும், சட்டத்துக்கு அப்பால் உலகம் இல்லை. இருள் அல்லது பெட்டியின் ஓரமே உண்டு. தூரமானிக் கமராவிலோ விடப்பட்டது கண்முன்னே நிற்கின்றது. அகப்பாடல்களைப் பயின்ற ஒருவன் இக்கருவியை விரும்புவதற்கு வேறு காரணம் வேண்டா. கூற்று, கேட்போர், களன் என்பவற்றையும் அதே சூத்திரம் உறுப்புகளாகச் சொல்வதை மாணவர் நினைவிற்கொள்க. யார், யாருக்கு, எவ்விடத்தில் என்பதை விட்டுவிட்டுச் செய்யுளைப் பார்த்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

இக்கமராவின் பெருமையை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி கார்த்தியே பிரெசோன் (1908–2004). அவருடைய புகழ்பெற்ற பயணங்களுள் ஒன்று தமிழகத்திற் கழிந்தது என்பதை நம் வாசகருட் பலர் அறியார். 1948 சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைத் தில்லியில் அவர் கண்டு திரும்பிய சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். அவ்வேளை எடுத்த படங்கள் எங்கும் பரவின. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு ரமண மகரிஷி மறைந்தார். அவ்வேளை வானத்திலே ஒரு பேரொளி மெல்லச் சென்றதைத் தாம் கண்டதாகப் பிரெசோன் சொல்லியுள்ளார். இறுதி நாட்களிலும் அதற்குப் பின்னரும் அங்கே அவர் படங்கள் எடுத்தார். பின்னர் புதுச்சேரிக்குச் சென்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தம்மைப் படமெடுக்க இடங்கொடாதிருந்த அரவிந்தர், ஏப்ரல் 25ஆம் நாள் அவரைத் தம் அறைக்குள் அனுமதித்தார். அங்கே கழிந்தது பத்து நிமிட நேரம். அப்பத்து நிமிடத்திலும் அரவிந்தர் கண் இமைக்கவில்லை என்று பிரெசோன் குறித்து வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தரும் மறைந்தார்.

அக்காலத்து லைக்காவிலே தூரம் காண ஒரு துவாரமும் காட்சி காண வேறொரு துவாரமும் இருந்தன. எம் 3 வந்த பின்னரே இரண்டும் ஒன்றாயின. ஒரு துவாரத்தில் அளந்து மறு துவாரத்திற் பார்க்கவேண்டிய அக்கருவியோடு அவர் மரணப்படுக்கைக்கும் மௌனத்துக்கும் அருகே சென்றார். மின்னொளி பாய்ச்சிப் படமெடுப்பதை அவர் வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையே கையாண்டார். அவ்வில்லையோடு ஒரு முகத்தை நிறைவாக எடுக்கவேண்டுமாயின், அம்முகத்தின் மூச்சு நமக்குக் கேட்கும் தூரத்துக்குச் செல்லவேண்டும். அருணாசலத்து அறையிலே பெருங்கமராவும் முக்காலியும் விளக்குகளுமாக ஒருவர் நுழைந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். (நம் நாட்டு லயனல் வெண்ட் பெருங்கலைஞர்; ஆயினும் அவர் திறம் இருட்டறையிலும் நிழல்-ஒளி ஆக்கத்திலும் பெரிதும் நின்றது. ஆதலின் அவரை இங்கே இழுக்கவில்லை.)

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அதே பிரெசோன் தம் கமராவின் வெள்ளிப் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர் அறியாமல் படமெடுத்தவர் அல்லரோ? ஓசையற்ற கருவி அடக்கமுடையவனுக்கு மாத்திரமா உதவும், கள்வனுக்கும் உதவாதோ? உதவும். இதனை மறுக்க யான் முயலேன். அருகே செல்வது ஒன்று, அனுமதி பெறுவது வேறொன்று. எனினும், அருகே சென்று எடுப்பவன் தானும் அகப்படக்கூடிய இடத்தில் நிற்கின்றான். எதிரில் நிற்பவர் திரும்பிப் பார்த்தால் அவன் முகத்தைக் காண்பார். அதட்டினால் அவன் கேட்டேயாக வேண்டும். இச்சிறு கமரா முகத்தின் பாதியை மறைக்காது. ஒரு கண்ணும் வாயும் வெளியே தெரியும். பேசிக்கொண்டே எடுக்கலாம்.

மற்றொரு தடை இளைஞர்களிடமிருந்து வரும். தொலைபேசியும் ஓசையற்றது, சிறியது, மலிவானது. அருகே சென்றும் எடுக்கலாம். பிறகு இது ஏன் என்பர். தொலைபேசியால் நன்மை இல்லை என்று யான் சொல்லவில்லை. என் மாணவர் அதிற் கொண்டுவரும் படங்கள் சில என்னை வியப்பில் ஆழ்த்தியுள்ளன. ஆனால் அதில் எடுப்பவனைக் கவனியுங்கள். அவன் கையை நீட்டித் திரையைப் பார்க்கின்றான். எதிரில் நிற்கும் மனிதரைப் பார்க்கவில்லை. எடுத்தவுடன் குனிந்து, எடுத்ததைப் பார்க்கின்றான். மனிதர் அங்கேயே நிற்க, அவரது உருவம் அவனுக்குப் போதுமானதாகிவிடுகின்றது. தூரத்தை எந்திரம் அளந்துகொள்கின்றது. அது இரண்டு அடியா, இருபது அடியா என்று அவன் எண்ணவே தேவையில்லை. படச்சுருளின் காத்திருப்பையும் தூரமானியின் இன்பத்தையும் சிலர் ஒன்றாக்கிப் பேசுவர், அது பிழை. முப்பத்தாறு படத்தோடு சுருள் முடிவதும், கழுவும்வரை காத்திருப்பதும் எல்லாச் சுருட் கமராவுக்கும் பொது. தூரமானிக்கே உரியது சாளரமும் தூரமும். 2006இல் லைக்கா நிறுவனம் சுருளற்ற எண்ணியல் முறையிலும் தூரமானிக் கமராவை வெளியிட்டது. அதனைக் கையாள்வோரும் அதே இன்பத்தையே சொல்கின்றனர். இதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டி, விலை ஏறுவதை எண்ணி மகிழும் செல்வரைப் பற்றி யான் எதுவும் சொல்வதற்கில்லை. அவர்கள் படமெடுப்போர் அல்லர்.

இத்துணையும் கலைபற்றிய பேச்சு. எமக்கு இது கலைபற்றிய பேச்சோடு நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வாகரைக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007 தொடக்கத்திலும் போர் இக்கரையின் மக்களை வேரோடு பெயர்த்தது. அந்நாட்களிலும் அவற்றின் பின்னரும் கமராவோடு வந்தோர் பலர். அவர்களுட் பலர் நல்லெண்ணத்தோடே வந்தனர். அவர்கள் எடுத்த படங்களால் உதவியும் வந்தது. அதை மறந்து பேசுதல் நன்றியன்று. ஆயினும் வாகனத்தை விட்டு இறங்காமலே, முழ நீள வில்லையைச் சாளரத்திற் சாத்தி, தலைவிரி கோலமாகக் கிணற்றடியில் நின்ற பெண்ணை எடுத்துக்கொண்டு சென்றவர்களையும் இவ்வூர் கண்டது. அப்படம் எந்த நாட்டு ஏட்டில் வந்தது என்பது அப்பெண்ணுக்குத் தெரியாது. படத்தில் அவள் மிக அண்மையில் இருப்பது போலத் தோன்றியிருப்பாள். உண்மையில் அவளுக்கும் எடுத்தவருக்கும் இடையே நூறு அடிக்கு மேல் இருந்தது. நீண்ட வில்லை சொல்லும் பொய் அதுவே. அருகே செல்லாமல் அருகே சென்றதாகக் காட்டும்.

நீண்ட வில்லையை முற்றாகப் பழிக்க வேண்டா. பனிச்சங்கேணிக் களப்பில் இறங்கும் பறவைகளை வேறெதனால் எடுப்பது? துப்பாக்கி ஏந்தி நிற்போர் செய்யும் கொடுமையைத் தொலைவில் ஒளிந்து நின்று பதிவு செய்பவனை, "அருகே போ" என்று யார் சொல்லத் துணிவர்? அங்கே தூரம் உயிரைக் காக்கின்றது. துயருற்ற எளிய மனிதரின் முன்னே அத்தூரத்துக்கு நியாயம் இல்லை என்பதே என் வழக்கு.

இவ்வளவு படங்கள் எடுக்கப்பட்ட இவ்வூரிலே, தம்மவரின் படம் ஒன்றேனும் இல்லாத வீடுகள் உண்டு. கல்யாண அல்பத்தைக் கடல் கொண்டது. எஞ்சியதை இடப்பெயர்வு கொண்டது. மாண்டவரின் தேசிய அடையாள அட்டையிலுள்ள முத்திரையளவுப் படத்தைப் பெருப்பித்து, மாலையிட்டுச் சுவரில் தூக்கியிருக்கின்றனர். பெருப்பித்ததனால் முகம் கலங்கிப் புள்ளி புள்ளியாய்க் கிடக்கின்றது. அம்முகத்திற் சிரிப்பும் இல்லை. அடையாள அட்டைக்குச் சிரிக்கக்கூடாது அன்றோ. பேரப்பிள்ளைகள் அறியும் பாட்டன் அவரே.

வாழைச்சேனைப் பக்கத்திலே ஒரு படக்காரரை யான் அறிவேன். 1966இல் யப்பானிலிருந்து வெளிவந்த யாஷிக்கா எலெக்ட்ரோ 35 என்னும் தூரமானிக் கமரா அவரிடம் இருந்தது. அவர் தந்தையார் வாங்கியது. லைக்காவோடு விலையில் ஒப்பிடத்தக்கதன்று, ஆயினும் அமைப்பு அதுவே. முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பிய காலத்தில் அவர் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். முதலில் திண்ணையில் அமர்வார். தேநீர் கொடுத்தாற் குடிப்பார். "அம்மாச்சி, உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?" என்பார். "இந்தக் கோலத்திலையோ, மகனே?" என்பார் கிழவியார். "வேற சீலை கட்டிக்கொண்டு வாங்கோ, நான் இருக்கிறன்." கிழவியார் உள்ளே போய்ச் சீலை மாற்றித் தலைவாரி வருவார். அதற்குள் வெயில் மாறிவிடும். கதிரையை வேறிடத்தில் இடவேண்டி வரும். ஒரு வீட்டுக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. படம் கழுவி வந்ததும் தாமே கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் எடுத்த படங்களிலே யாவரும் நேரே பார்க்கின்றனர். கமராவைப் பார்க்கவில்லை, சற்றே அதன் பக்கத்தில், அவருடைய மற்றக் கண்ணைப் பார்க்கின்றனர். படத்தைக் கையிலெடுப்பவருக்கு, அவர்கள் யாரையோ அன்போடு பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஓர் உணர்வு உண்டாகும்.

அண்மையில் அவரைக் கண்டபோது அக்கமராவைக் கேட்டு வாங்கிச் சாளரத்திற் பார்த்தேன். உப்புக்காற்றும் களப்பின் ஈரமும் உள்ளிருந்த கண்ணாடியைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்துவிட்டன. இரண்டு உருவங்கள் ஒன்றாகும் அந்தச் சிறு கட்டம் மங்கி, உள்ளதோ இல்லதோ என்னும் நிலையில் இருந்தது. திருத்துவதற்கு ஆளும் இல்லை. "பிறகு எப்படித் தூரம் அறிகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் முற்றத்தின் மறுபுறத்தில் வலையைப் பொத்திக்கொண்டிருந்த தம் மைத்துனரைப் பார்த்தார். "ஒம்பதடி, சேர்" என்றார். வளையத்தை அவ்விலக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தாமே கால் வைத்து அளந்து நடந்தார். ஒன்பது அடியே இருந்தது.